கடவுள் வராத இத்தாக்கா: 'தி ரிட்டர்ன்' படம் ஒரு நிகழ்வு ஆய்வு

ட்ராய் போருக்குப் போன இத்தாக்காத் தீவின் ராஜா ஒடிசியஸ் ஊர் திரும்பும் கதைதான் பழைய கிரேக்கக் கவி ஹோமரின் 'ஒடிசி'. அதைப் படமாக்க உட்காரும் எவருக்கும் முதலில் கண்ணில் படுவது ஒற்றைக்கண் அரக்கன்தான். அப்புறம் ஆட்களைப் பன்றிகளாக்கும் கிர்க்கி, பாடியே மாலுமிகளைச் சாகடிக்கும் சைரன்கள், ஆறு தலை ஸ்கில்லா. கையில் காசு இருந்தால் கப்பலை அந்தப் பக்கம் திருப்பத்தான் தோன்றும். 2024இல் வந்த 'தி ரிட்டர்ன்' இதில் ஒன்றையும் காட்டுவதில்லை. இருபது வருஷம் கழித்து ஒரு ஆள் இத்தாக்காவின் கரையில் அம்மணமாக ஒதுங்கிக் கிடக்கிறான். படத்துக்கு வேண்டிய கடல் அவ்வளவுதான்.

அரக்கர்களை விட்டதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அது செலவுக் கணக்காகவும் இருக்கலாம். கடவுள்களையும் சேர்த்து விட்டார்களே, விஷயம் அங்கேதான் இருக்கிறது. ஒடிசியஸுக்குத் துணை நிற்கும் தெய்வம் அதீனா இல்லை. கடல் தெய்வம் பொசைடன் இல்லை. தெய்வங்களின் ராஜா ஜீயஸ் வானத்திலிருந்து கழுகை அனுப்பிச் சகுனம் காட்டுவதில்லை. ஹோமரின் காவியத்தில் ஏறக்குறைய எல்லா முக்கியத் திருப்பங்களிலும் ஒரு தெய்வத்தின் கை இருக்கிறது. அந்தக் கையை எடுத்துவிட்டால், அது செய்துகொண்டிருந்த வேலையை மனிதர்களில் யாராவது செய்தாக வேண்டும். அந்த வேலை யார் யார் தலையில் விழுந்தது, யாருக்கு அது பொருந்தியது, யாரை அது ஒடித்தது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன்: படத்தின் பெரும்பகுதிக்கு இந்த முடிவால் லாபம்தான். ஆனால் ஒடிசியஸ் என்ற ஆளில் பாதியை அது காவு வாங்கிவிட்டது.

முதலில் படத்தைப் பற்றிச் சில விவரங்கள். இயக்கியவர் உபெர்ட்டோ பசோலினி. பியர் பாவ்லோ பசோலினிக்கு உறவு இல்லை. பெயர் ஒற்றுமை மட்டும்தான். 1997இல் வந்த 'தி ஃபுல் மான்ட்டி'யின் தயாரிப்பாளர் இவர். எட்வர்ட் பாண்ட் என்ற ஆங்கில நாடக ஆசிரியரும் ஜான் காலீயும் இவருடன் சேர்ந்து திரைக்கதை எழுதினார்கள். பாண்ட் 2024 மார்ச்சில் இறந்தார். படம் அதே ஆண்டு செப்டம்பரில் டொராண்டோ விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. ஒடிசியஸாக ரால்ஃப் ஃபைன்ஸ், அவன் மனைவி பெனலோப்பியாக ஜூலியட் பினோஷ், மகன் டெலமாக்கஸாக சார்லி பிளம்மர், பெனலோப்பியை மணம் கேட்டு வீட்டில் வந்து உட்கார்ந்த கூட்டத்தில் முன்னால் நிற்கும் அன்டினோஸாக மார்வான் கென்சாரி. இசை ரேச்சல் போர்ட்மன்.

பசோலினி இயக்கிய முதல் படத்தை இலங்கை வாசகர்களில் சிலர் பார்த்திருக்கலாம். 2008இல் வந்த 'மச்சான்'. 2004இல் இலங்கையின் தேசிய ஹேண்ட்பால் அணி என்று சொல்லிக்கொண்டு ஜெர்மனிக்குப் போன 23 பேர் அப்படியே மாயமாக மறைந்த உண்மைக் கதை அது. இலங்கைக்கு அப்படி ஒரு தேசிய அணியே அப்போது கிடையாது என்பதுதான் வேடிக்கை. ஊரை விட்டுத் தப்பிப் போகிறவர்களைப் பற்றி முதல் படம் எடுத்தவர் பல வருஷம் கழித்து ஊர் திரும்பியவனிடம் வந்து சேர்ந்திருக்கிறார். 'மச்சான்' படத்தில் பொய் சொல்லித் திரிவதில் ஒரு குஷி இருந்தது. அந்தக் குஷி பிறகு எங்கே போனது என்று கேட்கத் தோன்றும். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

பாதிக் கதை இல்லை, பாதிக் காவியம்

கடல் பயணத்தை வெட்டிவிட்டால் ஒடிசியில் மிச்சம் என்ன இருக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. காவியத்தைத் திறந்து பார்த்தால் கணக்கு வேறு. மொத்தம் 24 காண்டங்கள், 12,000 அடிகளுக்கு மேல். அரக்கன், கிர்க்கி, சைரன், பாதாள உலகம் எல்லாம் 9 முதல் 12 வரை நான்கே காண்டங்களில் முடிந்துவிடுகின்றன. அவையும் ஒடிசியஸ் ஃபயாக்கியர்கள் என்ற தீவு மக்களின் விருந்தில் தன் வாயால் சொல்லும் கதைகள். 13ஆம் காண்டத்திலேயே அவனை இத்தாக்காவில் இறக்கிவிடுகிறார்கள். அதற்குப் பின் கடைசி வரை, அதாவது காவியத்தின் சரிபாதி, அந்தச் சின்னத் தீவிலேயே நடக்கிறது. ஆக, பசோலினி ஓரத்தில் கிடந்த ஒன்றை எடுத்துப் பெரிதாக்கவில்லை. ஹோமர் அதிக இடம் கொடுத்த பகுதியைத்தான் எடுத்திருக்கிறார்.

படப்பிடிப்பு கிரேக்கத்தின் கோர்ஃபூ தீவிலும் இத்தாலியிலும் நடந்தது. ஒடிசியஸைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிய ஃபயாக்கியர்களின் தீவு கோர்ஃபூதான் என்று பழங்காலத்திலிருந்தே ஒரு நம்பிக்கை உண்டு. அவனை இறக்கிவிட்டுத் திரும்பிய கப்பலைப் பொசைடன் கல்லாக்கினான் அல்லவா, அந்தக் கல் இதுதான் என்று அங்கே கடலில் ஒரு சின்னத் தீவைக் காட்டுவார்கள். வழியனுப்பிய ஊரே இந்தப் படத்தில் சொந்த ஊராக நடித்திருக்கிறது.

யாருக்கும் அடையாளம் தெரியாதது எப்படி?

ஹோமரிடம் இதற்குப் பதில் சுலபம். அதீனா தன் கோலால் ஒடிசியஸைத் தொடுகிறாள். தோல் சுருங்குகிறது, முடி உதிர்கிறது, கண் ஒளி மங்குகிறது, உடம்பில் கந்தல் ஏறுகிறது. 16ஆம் காண்டத்தில் மகன் முன்னால் பழைய உருவத்தைத் திருப்பிக் கொடுக்கிறாள். அவன் அப்பாவைப் பார்த்து ஏதோ தெய்வம் என்று பயப்படுகிறான். பிறகு மறுபடி கிழவனாக்குகிறாள். வேடம் தெய்வத்தின் உபயம். அதனால் யூமேயஸ் என்ற பன்றி மேய்ப்பவன் தன் எஜமானை அடையாளம் காணவில்லை என்பதில் யாரும் குறை சொல்ல முடியாது.

படத்தில் கோல் இல்லை. ஃபைன்ஸின் உடம்பு மட்டும்தான். அறுபதைத் தொட்ட மனிதர். சதை வற்றி, நரம்பு முறுக்கி, தழும்பேறி, கயிறு திரித்தது போல் ஆகியிருக்கிறார். வீரன் உடம்பு என்றால் சினிமாவில் நமக்குப் பழக்கமான உப்பிய புஜங்கள் இதில் கிடையாது. வருஷக்கணக்கில் உழைத்து, அடிபட்டு, பட்டினி கிடந்த உடம்பு. மாரியஸ் பண்டுருவின் கேமரா அதைக் கூச்சமில்லாமல் கிட்டப் போய்ப் பார்க்கிறது. இவனைப் பார்த்து 'இது நம்ம ராஜா' என்று யாரும் சொல்லாதது இயல்பாகவே படுகிறது. வேடத்தை வயசும் போரும் போட்டுவிட்டன.

ஆனால் இதிலிருந்து அடுத்த கேள்வி முளைக்கிறது. வேடம் இல்லாத ஆள் வாயைத் திறந்து 'நான்தான்' என்று சொல்லிவிடலாமே? காவியத்தில் அவன் வாயை மூடியிருப்பது தந்திரம்; அதீனாவும் அவனும் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து போட்ட திட்டம். படத்தில் அது வெட்கம். இதை வெறும் நடிப்புச் சாயல் என்று நினைத்துவிடக் கூடாது, கதையின் கட்டுமானமே இங்கே மாறுகிறது. ஒடிசியஸ் 12 கப்பல்களோடு போரிடப் போனான். திரும்பியது அவன் ஒருவன். ஹோமர் காவியத்தின் முதல் பத்து அடிக்குள்ளேயே இதற்குத் தீர்ப்பு எழுதிவிடுகிறார்: அந்த ஆட்கள் சூரியதேவனின் மாடுகளைத் தின்றார்கள், தங்கள் மூடத்தனத்தால் அழிந்தார்கள், தலைவன் மேல் பழியில்லை. படத்தில் சூரியதேவனும் இல்லை, அவன் மாடுகளும் இல்லை. அப்படியென்றால் ஊரில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கூட்டிப் போன பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது? ஃபைன்ஸ் தலையைக் குனிந்தே நடப்பதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

ஆர்கோஸ் என்ற நாயின் காட்சியும் இதனால் உள்ளுக்குள் மாறிவிடுகிறது. 17ஆம் காண்டத்தில் அந்தக் கிழட்டு நாய் வாசலில் சாணக் குவியல் மேல் உண்ணி மொய்க்கக் கிடக்கிறது. எழுந்து வர முடியவில்லை. வாலை ஆட்டுகிறது, காதைத் தாழ்த்துகிறது. கூட வரும் யூமேயஸுக்குத் தெரியாமல் ஒடிசியஸ் கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். நாய் செத்துப்போகிறது. காவியத்தில் இதன் உறைப்பு எங்கே என்றால், தெய்வம் போட்ட வேடம் ஒரு நாயிடம் பலிக்கவில்லை என்பதில். படத்தில் பலிக்காமல் போக மந்திரமே கிடையாது. மற்றவர்கள் கந்தலைப் பார்த்தார்கள், நாய் ஆளைப் பார்த்தது. காட்சி கொஞ்சம் எளிமையாகிவிடுகிறது. எனக்கு ஹோமரின் நாய்தான் ஒசத்தி.

பெனலோப்பிக்குத் தெரியுமா?

அதீனா போனதில் மிகப் பெரிய லாபம் அடைந்தவள் பெனலோப்பி. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

19ஆம் காண்டத்தில் பிச்சைக்காரனும் பெனலோப்பியும் இரவில் அடுப்பருகே உட்கார்ந்து பேசுகிறார்கள். பிறகு செவிலித்தாய் யூரிக்ளியா அவன் காலைக் கழுவுகிறாள். முழங்காலுக்கு மேல் ஒரு தழும்பு கையில் தட்டுப்படுகிறது. சின்ன வயதில் பர்னாசஸ் மலையில் காட்டுப்பன்றி கிழித்தது. அங்கே ஹோமர் கதையை அப்படியே நிறுத்திவைத்து, அந்த வேட்டையை எழுபது அடிக்கு மேல் சொல்லுவார். முடித்துவிட்டுத் திரும்பினால், கிழவியின் கையிலிருந்து கால் நழுவி வெண்கலப் பாத்திரத்தில் விழுகிறது, பாத்திரம் சாய்ந்து தண்ணீர் தரையில் ஓடுகிறது. அவள் பெனலோப்பியைத் திரும்பிப் பார்க்கிறாள். ஒடிசியஸ் கிழவியின் தொண்டையைப் பிடிக்கிறான். இத்தனை அமளி பக்கத்திலேயே நடக்கும்போது பெனலோப்பி எப்படிக் கவனிக்காமல் இருந்தாள்? அதீனா அவள் கவனத்தை வேறு பக்கம் திருப்பிவிட்டாள் என்று ஹோமர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்.

அந்த வரியை நீக்கிப் பாருங்கள். பெனலோப்பி கவனிக்காமல் இருக்கக் காரணமே இல்லை. அவள் அப்போதே ஊகித்துவிட்டாளா, கணவனின் வில்லை நாணேற்றி எய்பவனையே மணப்பேன் என்று வில் போட்டியை அறிவித்ததே அதனால்தானா என்பது ஹோமர் ஆய்வாளர்களிடையே ரொம்ப நாளாக நடக்கும் வழக்கு. கடவுள் இல்லாத படம் அந்த வழக்கில் ஒரு பக்கம் சாய்ந்துதான் ஆக வேண்டும். பினோஷின் முகத்தில் அந்தச் சாய்வு தெரிகிறது. பிச்சைக்காரனிடம் அவள் கேட்பவை விருந்தாளியிடம் செய்தி விசாரிப்பவளின் கேள்விகள் இல்லை. ஆண்கள் ஏன் போருக்குப் போகிறார்கள், அடுத்தவன் வீட்டை ஏன் கொளுத்துகிறார்கள், பெண்களையும் பிள்ளைகளையும் ஏன் கொல்கிறார்கள் என்று கேட்கிறாள். பதில் வேண்டியவனிடமேதான் கேட்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்திருப்பது போலவே அந்தக் காட்சி போகிறது. காவியத்தில் கணவனைச் சோதிப்பவள், இருவருக்கும் மட்டும் தெரிந்த கட்டிலின் ரகசியத்தை வைத்துச் சோதித்தாள். இங்கே அதற்கு முன்பே குறுக்கு விசாரணை முடிந்துவிடுகிறது.

நடிகர் தேர்வும் இதற்குக் கைகொடுக்கிறது. ஃபைன்ஸும் பினோஷும் 1992இல் 'வதரிங் ஹைட்ஸ்', 1996இல் 'தி இங்கிலிஷ் பேஷன்ட்' படங்களில் சேர்ந்து நடித்தவர்கள். அந்தப் படங்களைப் பார்த்த தலைமுறைக்கு இவர்களின் இளமை முகம் ஞாபகத்தில் இருக்கும். 28 வருஷம் கழித்து இருவரும் எதிரெதிரே உட்காரும்போது, நடுவில் போன காலத்தை ஒப்பனைக்காரர் உண்டாக்க வேண்டிய அவசியம் இல்லை.

1954இல் மரியோ கமெரினி எடுத்த 'யுலிஸ்ஸே' படத்தில் இதற்கு எதிர்த்திசையில் ஒரு யோசனை இருந்தது. கிர்க் டக்ளஸ் நாயகன். பெனலோப்பி, கிர்க்கி இரண்டு வேடங்களிலும் சில்வானா மங்கானோ. ஊருக்குத் திரும்பவிடாமல் தடுப்பவளுக்கும் திரும்பிப் போகக் காரணமானவளுக்கும் ஒரே முகம். அபாரமான யோசனை, ஆனால் அதில் பெனலோப்பி அவன் கனவுக்குள் அடங்கிவிடுகிறாள். பினோஷின் பெனலோப்பிக்கு இரவில் தறி இருக்கிறது. மாமனாருக்குக் கோடித்துணி நெய்வதாகச் சொல்லி, பகலில் நெய்ததை ராத்திரி பிரித்துப்போட்டு, மணம் கேட்டு வந்தவர்களை ஏய்த்தவள் அவள். கணவனுக்கு இணையான சூது. காவியத்தில் மூன்று வருஷம் அது செல்லுபடியானது. நான்காம் வருஷம் ஒரு பணிப்பெண் காட்டிக்கொடுத்தாள்.

அந்த நூற்றெட்டுப் பேர்

மணம் கேட்டு வந்தவர்களின் எண்ணிக்கையை டெலமாக்கஸ் அப்பாவிடம் ஊர் வாரியாக ஒப்பிப்பான். டுலிக்கியத்திலிருந்து 52, சாமேயிலிருந்து 24, சகிந்தஸிலிருந்து 20, இத்தாக்காவிலேயே 12. ஆக 108. இவர்கள் செய்த குற்றம் என்ன? அடுத்தவன் வீட்டில் உட்கார்ந்து ஆட்டையும் மாட்டையும் தின்று தீர்த்தது, வந்த பிச்சைக்காரன் மேல் முக்காலியை வீசியது. விருந்துமுறை ஜீயஸின் காவலில் உள்ள சட்டம் என்பதால் அது மரண தண்டனைக்குரிய பாவமாகிறது.

ஜீயஸை எடுத்துவிட்டால் அது பாவமாக இருந்தது போய் வெறும் அடாவடியாகிறது. ராஜா இல்லாத தீவில் வேலைவெட்டி இல்லாத இளைஞர்கள் சேர்ந்து அட்டூழியம் செய்கிறார்கள். படத்தின் இத்தாக்கா அப்படித்தான் இருக்கிறது, பாழடைந்து, பயத்தில். இதோடு படம் இன்னொன்றும் செய்கிறது. கென்சாரியின் அன்டினோஸுக்கு பெனலோப்பி மேல் இருப்பது சொத்தாசை மட்டும் இல்லை, நிஜமான மோகமும் உண்டு. ஹோமரிடம் அவன் வெறும் அயோக்கியன். இரண்டு கைப்பிடியுள்ள தங்கக் கிண்ணத்தைத் தூக்கிக் குடிக்கப் போகும்போது தொண்டையில் அம்பு பாய்ந்து முதல் ஆளாகச் சாகிறான், படிப்பவருக்கு ஒரு துளி வருத்தமும் வராது. படத்தில் அவ்வளவு சுலபமாகக் கைதட்ட முடியவில்லை.

வில்லைப் பற்றி ஒரு சின்ன விளக்கம். அதைப் பின்னோக்கி வளைந்த வில் என்கிறார் ஹோமர். நாண் கழற்றியிருக்கும்போது எதிர்ப்புறம் வளைந்து நிற்கும் வகை. நாணேற்ற அதன் இயல்பான வளைவுக்கு நேர்மாறாக மடக்க வேண்டும். பலம் மட்டும் போதாது, பழக்கம் வேண்டும். மணம் கேட்டு வந்தவர்கள் அதை நெருப்பில் காட்டி, கொழுப்புத் தடவிப் பார்த்தும் தோற்கிறார்கள். தெய்வ பலம் எதுவும் இல்லாமலே நம்பத்தக்க வித்தை இது ஒன்று. கடவுள் இல்லாத படத்துக்கு இது வரம்போல் அமைந்துவிட்டது.

அதற்குப் பின் கொலை. காவியத்தில் எல்லாரையும் கொன்று போட்ட மண்டபத்தைப் பார்த்து யூரிக்ளியா குலவையிடப் போகிறாள். ஒடிசியஸ் தடுக்கிறான். செத்தவர்கள் மேல் நின்று கொண்டாடுவது தகாது, இவர்களைச் சாய்த்தது தெய்வங்களின் விதியும் இவர்களுடைய செய்கையும்தான் என்கிறான். ஆழமான இடம். ஆனால் கூர்ந்து பாருங்கள், கொன்றவன் தன் கையைக் கழுவிக்கொள்கிற இடமும் அதுவே. படத்தின் ஒடிசியஸால் அந்த வசனத்தைச் சொல்லவே முடியாது. சொல்ல அவனுக்கு மேலே யாரும் இல்லை. ரத்தம் முழுக்க அவன் கணக்கில்தான். இரண்டு மணி நேரப் படம் அங்கே போய்ச் சேரத்தான் இத்தனை தூரம் நடந்திருக்கிறது; அந்த வகையில் கடவுளை விட்ட முடிவு தன் வேலையைச் செய்துவிட்டது.

எங்கே போனான் அந்தப் பொய்யன்?

நஷ்டக் கணக்குக்கு வருவோம். ஹோமரின் ஒடிசியஸ் ஒரு அசகாயப் பொய்யன். 13ஆம் காண்டத்தில் இத்தாக்காவில் கண் விழிக்கிறான். அதீனா மூட்டம் போட்டு வைத்திருப்பதால் சொந்த ஊரே அடையாளம் தெரியவில்லை. அவள் ஆட்டு இடையனாக வந்து 'இது இத்தாக்கா' என்கிறாள். உள்ளுக்குள் குதிக்கிறான், வெளியே, தான் கிரீட் தீவில் ஒருவனைக் கொன்றுவிட்டு ஓடிவந்தவன் என்று ஒரு நீளக் கதையை அவிழ்த்துவிடுகிறான். அதீனா சிரித்துக்கொண்டே அவனைத் தடவிக்கொடுக்கிறாள். உன்னை ஏமாற்ற வேண்டுமானால் தெய்வமே வந்தாலும் எத்தனாக இருக்க வேண்டும் என்பது போலப் பாராட்டுகிறாள். அடுத்த காண்டத்தில் யூமேயஸிடம் வேறொரு கிரீட் கதை. அப்புறம் குளிருகிறது என்று நேரே கேட்காமல், ட்ராய் போரில் போர்வை கிடைத்த கதை ஒன்றைச் சொல்லி ஒரு போர்வையைக் கறக்கிறான். 19இல் பெனலோப்பியிடமும் கிரீட்தான்.

படத்தில் இந்த ஆள் இல்லை. ஃபைன்ஸ் பேசுவதே குறைவு. பேசினாலும் கனமாகத்தான் பேசுகிறார். போர் மனதைச் சிதைத்த சிப்பாயாக ஒடிசியஸைப் படிப்பது புதிதில்லை. வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களுக்குச் சிகிச்சை அளித்த அமெரிக்க மனநல மருத்துவர் ஜோனதன் ஷே 2002இல் இதே கோணத்தில் ஒரு புத்தகமே எழுதினார். நேர்மையான வாசிப்பு. ஆனால் ஷேயின் கண்ணில் பட்ட அந்தப் பொய்களும் தந்திரமும் காயத்தின் அறிகுறிகள். பிழைத்து வந்தவன் அவற்றை விட முடிவதில்லை. படம் அந்தப் பகுதியைக் கழற்றிவிட்டுத் துக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டது. கூடச் சேர்ந்து பொய்யை ரசிக்க அதீனா இல்லாததால், பொய் சொல்லவும் ஆளுக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது. 'மச்சான்' எடுத்தவருக்கு இந்தக் குறும்பு வராது என்று நான் நம்பத் தயாரில்லை. வேண்டாம் என்று வைத்துவிட்டார்.

கடவுளை நேரில் காட்டினால் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. 1997இல் ஆந்த்ரே கொன்சலோவ்ஸ்கி எடுத்த தொலைக்காட்சித் தொடரில் இசபெல்லா ரோசலினி அதீனாவாக வந்து பேசினார். தெய்வம் என்பதைவிட நல்ல உடை போட்ட ஆலோசகர் போல இருந்தது. கோயன் சகோதரர்கள் 2000இல் இதே கதையை 1937ஆம் ஆண்டின் மிசிசிப்பிக்குக் கொண்டுபோனபோது, கடைசியில் நாயகர்களைத் தூக்குக் கயிற்றிலிருந்து காப்பாற்ற ஒரு வெள்ளத்தை அனுப்பினார்கள். வேண்டுதல் முடிந்ததும் தண்ணீர் வருகிறது. அணை கட்டியதால் வந்தது என்றும் விளக்கம் இருக்கிறது. தெய்வமா தற்செயலா என்று பார்ப்பவர் தலையில் போட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள். பொய்யனுக்கு அந்தப் படத்தில் இடம் இருந்தது.

இனி முடிவு. பசோலினி கணவனையும் மனைவியையும் ஒன்றாக உட்காரவைத்து நிறுத்திக்கொள்கிறார். அலெக்சாந்திரியாவின் பழைய உரையாசிரியர்கள் அரிஸ்டோஃபேனஸும் அரிஸ்டார்க்கஸும்கூட, இருவரும் படுக்கைக்குத் திரும்பும் 23ஆம் காண்டத்து 296ஆவது அடியைத்தான் காவியத்தின் எல்லையாகக் கருதினார்கள். ஆகவே தோழமைக்கு ஆள் உண்டு. ஆனால் நமக்குக் கிடைத்திருக்கும் காவியம் அங்கே நிற்பதில்லை. செத்தவர்களின் சொந்தக்காரர்கள் ஆயுதத்தோடு கிளம்புகிறார்கள். முன்னால் வருபவன் அன்டினோஸின் அப்பா யூபெய்தஸ். ஒடிசியஸின் கிழட்டுத் தகப்பன் லாயர்ட்டஸ் ஈட்டியை எறிந்து அவனைக் கொல்கிறான். ஊர் முழுக்க ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் என்ற கட்டத்தில் அதீனா கத்தி நிறுத்துகிறாள், ஜீயஸ் இடியைப் போடுகிறான், இரு தரப்பும் சத்தியம் செய்கின்றன. இதைப் படத்தில் வைத்திருந்தால் பழிக்குப் பழியை நிறுத்த ஒரு ஆள் வேண்டும். முதல் காட்சியிலேயே அந்த ஆளை வேண்டாமென்று அனுப்பியாயிற்று. அதனால் யூபெய்தஸ் வீட்டிலிருந்து புறப்படுவதற்கு முன்பே படம் முடிந்தாக வேண்டியிருக்கிறது.